தன்னலமும் சமூக மாற்றமும்

மனிதச் செயல்களின் பின்னால் அவா நிற்கின்றது என்பதைப் பல்வேறு சிந்தனை மரபுகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. அவ்வவா நன்மைக்கு இட்டுச் செல்லுமா என்பதிலேயே அவை வேறுபடுகின்றன. திருக்குறள் அவாவறுத்தலுக்கென ஓர் அதிகாரத்தை வகுத்தது. பௌத்தம் துன்பத்தின் தோற்றுவாயை அவாவிற் கண்டது. மாறாக, 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் அடம் ஸ்மித், இறைச்சி விற்போனும் பாண் தயாரிப்போனும் தத்தம் நலங்கருதியே தொழில் புரிகின்றனர் என்றும், அதனாலேயே பிறரது உணவுத்தேவை நிறைவேறுகின்றது என்றும் வாதிட்டார். அவ்வாறாயின் சமூக மாற்றத்தின் உந்துசக்தியும் தன்னலமே எனக் கொள்ளலாமா?

கைத்தொழிற் புரட்சியின் வரலாறு இக்கூற்றுக்குப் பாதி ஆதரவையே அளிக்கின்றது. ஜேம்ஸ் வாற் தாம் சீர்திருத்திய நீராவி எந்திரத்துக்கு 1769இல் ஆக்கவுரிமை பெற்றார். 1775இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வுரிமையை 1800 வரை நீடித்தது. இலாப எதிர்பார்ப்பே அம்முயற்சிக்கு முதலீட்டைத் தேடித் தந்தது. ஆயின் புதுமையை வளர்த்த அதே இலாப நோக்கு, வேறு எந்திரங்களை ஆக்கியோருக்கு எதிராக வழக்குத் தொடுக்கவும் தூண்டியது. தனக்குக் கதவைத் திறந்துகொண்ட தன்னலம், உள்ளே நுழைந்ததும் பிறருக்கு அதனைச் சாத்த முனைந்தது.

அடிமை வியாபார ஒழிப்பு இவ்வினாவை மேலுங் கூர்மையாக்குகின்றது. 1807இல் பிரித்தானியா அவ்வியாபாரத்தைச் சட்டத்தினால் தடுத்தது. மனிதாபிமானத்தின் வெற்றியெனப் போற்றப்பட்ட இந்நிகழ்வை, திரினிடாட் வரலாற்றாசிரியரான எரிக் வில்லியம்ஸ் 1944இல் பொருளாதார நோக்கில் ஆராய்ந்தார். மேற்கிந்தியச் சீனித் தோட்டங்களின் நலிவும் கைத்தொழில் முதலாளித்துவத்தின் புதிய நலன்களுமே ஒழிப்புக்கு வழிவகுத்தன என்பது அவரது முடிபு. 1977இல் சீமோர் திரெஷர் இதனை மறுத்து, ஒழிக்கப்பட்ட வேளையிலும் அவ்வியாபாரம் இலாபமீட்டியே வந்தது என வாதிட்டார். இவ்விவாதத்தில் எத்தரப்பு வெல்லினும், தன்னலத்தின் வலிமைக்கு 1833ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டமே சான்றாகும். அச்சட்டம் அடிமைகளின் உடைமையாளருக்கு 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கியது. விடுவிக்கப்பட்டோருக்கோ எதனையும் ஒதுக்கவில்லை.

ஆள்வோரின் நோக்கங்களை மட்டும் ஆராய்வது போதாது. ஆளப்பட்டோரின் விருப்பையும் நோக்குதல் வேண்டும். அடிமையாயிருந்த ஒலாடா இக்குவியானோ சிறுகச் சிறுக ஈட்டிய பணத்தைக் கொடுத்து 1766இல் தமது விடுதலையைத் தாமே வாங்கினார். அது முற்றிலும் தம்பொருட்டு எழுந்த விருப்பு. எனினும் அதனைத் தன்னலமென இகழ எவருந் துணியார். 23 ஆண்டுகளின் பின்னர், 1789இல், அவர் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டு அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஊர்தோறும் பிரசாரஞ் செய்தார். நூல் விற்பனை அவருக்கு வருவாயையும் தந்தது. ஆயினும், தமது விடுதலை மட்டுமே அவரது குறிக்கோளாக இருந்திருப்பின், அவரது முயற்சி 1766ஆம் ஆண்டுடன் முடிந்திருக்கும்.

பிறர்க்கு உதவுவோனும் அதில் மனநிறைவு பெறுகின்றான். ஆதலின் அதுவுந் தன்னலமே எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதத்தை ஏற்பின் தன்னலம் என்னுஞ் சொல்லே பொருளிழந்துவிடும். அடிமையை விற்று மகிழ்ந்தவனுக்கும் விடுவித்து மகிழ்ந்தவனுக்குமிடையே வேறுபாடில்லை என்னும் முடிவுக்கே அது இட்டுச் செல்லும். மனநிறைவு இருவருக்கும் உண்டு; அதனை எதிற் கண்டனர் என்பதிலேயே அறத்தின் வினா பிறக்கின்றது.

எனவே இரண்டைப் பிரித்தறிதல் அவசியமாகின்றது. தனக்கு ஒன்றை விரும்புதல் வேறு. தனக்கு மட்டுமே அதனை விரும்புதல் வேறு. முன்னையது இன்றேல் மாற்றம் தோன்றுவது அரிது. தன் நிலையில் நிறைவின்மையை உணராதவன் எதனையும் மாற்ற முனையான். பின்னையதும் மாற்றத்தைத் தொடக்கிவைக்கக் கூடும். ஆனால் தன் பங்கு கிடைத்ததும் அம்மாற்றத்துக்கே அது பகையாகின்றது. ஆகையால் ஒரு மாற்றத்தை மதிப்பிடுவோர், அதனைத் தொடக்கியோரிடம் ஆசை இருந்ததா என வினவுவதில் பயனில்லை. அவ்வாசை நிறைவேறிய மறுநாள் அவர்கள் யாது செய்தனர் என்பதே வினவத்தக்கது.