மடி

பட்டுக்கூட்டைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே லொட லொட என்று சத்தம் கேட்கும். புழு உள்ளே உருமாறிவிட்டது, கூட்டைப் பொறுக்கலாம் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம். 22 வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டு, "ஆச்சு, நாளைக்குப் பொறுக்கிடலாம்" என்று நான்தான் சொல்வேன். போன தை மாசம் ஒரு கூட்டை ஆட்டிப் பார்த்தேன். வாயில் சொல் வரவில்லை.

காரணம் நாலு உருண்டை நூல். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மகள் கார்த்திகையில் அனுப்பியது. அவள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் அல்பாக்கா வளர்க்கிறதாம். ஒட்டகத்துக்கு உறவான, கழுத்து நீண்ட பிராணி. பூர்விகம் பெரு, பொலிவியா மலைப்பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை ரோமத்தைக் கத்தரித்து, நூலாக்கி, மாமியாரும் மருமகளுமாக உட்கார்ந்து குரோஷா ஊசியில் சால்வை பின்னி விற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த குரோஷா எனக்கு இன்னும் கை மறக்கவில்லை என்று மகளுக்குத் தெரியும். "ஆயாவுக்கு மார்கழிப் பனி தாங்கல, ஒரு சால்வை பின்னிப் போடும்மா" என்றாள். அதோடு போனில் இன்னொன்றும் சொன்னாள். "இதுக்கு ஒரு உசுரும் போகலம்மா. முடியைக் கத்தரிச்சிட்டு மேய விட்டுடறாங்க."

அவள் வேறு எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் மார்கழி முழுக்க, சங்கிலி போட்டு வரிசை வரிசையாகப் பின்னும்போது, அந்த வார்த்தை நூலோடு நூலாக என் விரலில் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்களுடையது போளூர்ப் பக்கம் படவேட்டில் ஒரு ஏக்கர் மல்பெரித் தோட்டம், வி-1 ரகம். ஒரு தடவைக்கு 100 முட்டைத் தொகுதி எடுப்போம். ஏறக்குறைய 50,000 புழு. நாலு தடவை தோலுரித்து, 25 நாளுக்குள் கூடு கட்டத் தயாராகிவிடும். கடைசி ஒரு வாரம் தின்னும் தீனி கொஞ்சநஞ்சமில்லை. ராத்திரி புழு வளர்க்கும் மனைக்குள் நின்றால் ஓலைக் கூரைமேல் மழை பெய்கிற மாதிரி கேட்கும். அத்தனை வாயும் இலை தின்கிற சத்தம் அது. கை கால் கழுவாமல் அந்த மனைக்குள் யாரும் போகக் கூடாது. செருப்பு வெளியே. ஈ நுழையாமல் வலை. என் மாமியார் குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டுதான் இலை போடுவார். கோயில் கர்ப்பக்கிரகத்துக்குக்கூட இவ்வளவு பயபக்தி கிடையாது. 50,000 பிள்ளையைப் பெற்றவள் மாதிரி அவர் அலைவார்.

அப்புறம் கூட்டை மூட்டை கட்டித் தருமபுரி அங்காடிக்கு அனுப்புவோம். உயிரோடுதான் அனுப்புகிறோம். ஆவியில் வேகவைப்பது நூல் எடுக்கிறவர். பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் ஆயிரம் மீட்டர் வரை ஒரே இழையாக ஓடும் நூல் அறுந்துபோகும். அதனால் அதற்குமுன் கொன்றாக வேண்டும். "நாமளா கொல்றோம்? நாம வளர்க்கிறவங்க" என்பது என் வீட்டுக்காரர் சொல்வது. நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

அந்தப் பேச்சை அறுத்தவர் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தமிழ்ச் சமணர். ஆரணி, போளூர்ப் பக்கம் அவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வாழ்கிறவர்கள். குந்தவை பெயரால் ஜினாலயம் நிற்கிற திருமலை இங்கேதான் இருக்கிறது. மலைப்பாறையில் 16 மீட்டர் உயரத்துக்கு நேமிநாதர் நிற்கிறார். வளர்த்துக் கொடுக்கிறவருக்கும் பாவத்தில் பங்கு உண்டா என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "எங்க தர்மத்துல மூணும் ஒண்ணும்மா. தானே செய்யறது, இன்னொருத்தரைச் செய்ய வைக்கறது, செய்யறதுக்கு மனசார ஒத்துக்கறது" என்றார். அவ்வளவுதான். மேலே ஒன்றும் பேசாமல் மோர் கொடுத்தார்.

எனக்குப் பெரிய கேள்வி அங்கேதான் பிறந்தது. கொல்வது பாவமா இல்லையா என்பதல்ல அது. பாவம் என்று குழந்தைக்கும் தெரியும். இத்தனை உயிர் வெந்த துணியை நாம் ஏன் மடி, பூஜைக்குரிய சுத்தம், என்கிறோம்? ஒருத்தர் தொட்டால் பருத்தி விழுப்பு, பட்டு அப்போதும் மடி. கம்பளியும் மடி. கம்பளி சரி, ஆடு உயிரோடு இருக்கிறது. பட்டு எப்படி? மடி என்கிற சொல்லுக்கே தமிழில் சாவது என்றும் பொருள் உண்டு. அதை நினைத்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் கேட்டவர்கள் பெரியவர்கள். காஞ்சி மகாபெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டை விட்டுவிடும்படி அழுத்தமாகவே சொன்னார். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊரின் மடத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1990 வாக்கில், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் பட்டுப் புடவை நெய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறார். ஆந்திராவில் கைத்தறித் துறையில் இருந்த குசுமா ராஜய்யா அந்தக் கேள்வியை விடவில்லை. பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்று, அகிம்சைப் பட்டு என்றே பெயர் வைத்து நெய்தார்.

நானும் அப்படிச் செய்து பார்த்தேன். 300 கூட்டை ஒரு முறத்தில் தனியாக வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில், விடியற்காலை, கூட்டின் ஒரு முனை ஈரமாகிப் பழுப்புக் கறை படிந்தது. அந்த ஈரத்தைத் தலையால் முட்டிக்கொண்டு வெள்ளைப் பூச்சி வெளியே வந்தது. இறக்கை கசங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் விரிந்தது. ஆனால் பறக்கவில்லை. பறக்கவே தெரியாத பூச்சி அது. ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷன் கையில் வளர்ந்து பறப்பதையே இழந்துவிட்டது. அது எதையும் தின்பதுமில்லை. ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, சில நாளில் செத்துப்போகும். நான் விடுதலை என்று நினைத்தது இவ்வளவுதான்.

வெற்றுக்கூட்டைச் சோப்பு நீரில் வேகவைத்து, பிரித்து, தக்ளியில் நூற்றேன். திரளும் முடிச்சுமாக, மினுமினுப்புக் குறைந்த, மெத்தென்ற நூல். அதிலும் ஒரு சால்வை பின்ன ஆரம்பித்தேன். மனசு நிறைந்திருந்தது.

அப்புறம் முட்டைகளைப் பார்த்தேன். ஒரு தாய்ப் பூச்சிக்கு 400, 500 முட்டை. முறத்தில் விரித்திருந்த பழைய காகிதம் முழுக்கக் கடுகு தூவின மாதிரி. அத்தனையும் பொரித்தால் எங்கள் ஒரு ஏக்கர் மல்பெரி போதாது. பசியில் சாகும். அதோடு, சோதிக்காத முட்டையை மனைப் பக்கம் வைக்கவே கூடாது. பெப்ரின் என்று ஒரு நோய், தாயிடமிருந்து முட்டைக்கு வரும். 1865இல் தெற்குப் பிரான்சுக்குப் போன லூயி பாஸ்டர் அதற்கு வழி கண்டார். முட்டையிட்டு முடித்த தாய்ப் பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தாய் சுத்தமென்றால்தான் பிள்ளை சுத்தம். இன்றைக்கும் முட்டை உற்பத்தி நிலையங்களில் அதுதான் நடைமுறை. எனக்கு வருகிற தொகுதிகளுக்குப் பின்னால் அரைபட்ட தாய்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். 22 வருஷத்தில் பட்டுப்பூச்சியின் உயிரை என் கையாலேயே அழித்தது அன்றைக்குத்தான், அகிம்சைக்காக ஆரம்பித்த வேலையில்.

அன்றைக்குச் சாயங்காலம் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கதை எல்லாருக்கும் தெரியும். தினமும் ஆற்று மணலிலேயே குடம் பிடித்து நீர் கொண்டுவருவாள் ரேணுகாதேவி. ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழல் தெரிந்தது, மனம் ஒரு கணம் அசைந்தது, குடம் கரைந்தது. ஜமதக்னி கட்டளையிட, பரசுராமன் பெற்ற தாயின் தலையை வெட்டினான். சுத்தம் என்கிற பெயரில் ஒரு தாயைக் கொன்ற கதை இது. சின்ன வயசிலிருந்து கேட்டதுதான். அன்றைக்குத்தான் அது என் முறத்தையும் என் அடுப்பையும் பற்றிய கதையாகக் காதில் விழுந்தது. அதன் மிச்சத்தையும் நினைத்துப் பார்த்தேன். மகன் கேட்ட வரத்தால் உயிர்பெற்று, பின்னால் கணவர் இறந்தபோது உடன்கட்டை ஏறியவளை மழை வந்து காப்பாற்றியது. வெந்த உடம்போடு எழுந்தவள் எதைக் கட்டினாள்? வேப்பிலையை. ஆடியில் வேண்டுதலுக்கு வேப்பிலை ஆடை கட்டி வருகிறவர்கள் அதைத்தான் கட்டுகிறார்கள். நெருப்பில் வெந்தவளுக்கு, ஆவியில் வெந்ததை எடுத்துக்கொண்டு போய் மடி என்று சாத்துகிறோம்.

உயிர் போகாத துணி உலகத்தில் உண்டா என்றால் எனக்குத் தெரிந்து இல்லை. பருத்திக்கு நாம் அடிக்கிற மருந்தில் சாகிற புழுவுக்குக் கணக்கே கிடையாது. பெருவில் அல்பாக்காவைக் கறிக்கும் வெட்டுகிறார்கள். நான் மல்பெரியைப் பிடுங்கிப் போடப்போவதில்லை. மகளைப் படிக்க வைத்தது அந்தக் கூடு. ஆரணியில் எத்தனையோ வீட்டில் உலை கொதிப்பது தறியால். ஆனால் இதைக் கடன் என்று ஒத்துக்கொள்கிறேன். கடன் வாங்கினவர் அதைக் காணிக்கை என்று சொல்லக் கூடாது.

அல்பாக்கா சால்வை இப்போது என் மாமியார் தோளில் இருக்கிறது. தக்ளி நூல் சால்வை பாதியில் நிற்கிறது; முடித்து, நானே போர்த்திக்கொள்வேன். அம்மனுக்குக் கொண்டுபோக மாட்டேன்.

ஆடியில் படவேடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆரணிப் பட்டு வாங்குங்கள், கல்யாணத்துக்குக் கட்டுங்கள், நெய்தவருக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அம்மனுக்கு மட்டும் அதைச் சுத்தம் என்று சொல்லிச் சாத்தாதீர்கள். வேப்பிலை போதும் அவளுக்கு.