கடலோரத்தில் முதுமை

கடலோர மூத்தோர் குடியிருப்பு என்பது, பணி ஓய்வு பெற்றவர்கள் தங்களுக்கென்று தனி வீடு வைத்துக்கொண்டு, சமையல், துப்புரவு, காவல், அவசர மருத்துவ உதவி ஆகியவற்றைப் பொதுவில் பெற்று வாழும் இடம். முதியோர் இல்லத்தில் நிர்வாகம் வகுத்த ஒழுங்குக்குள் வாழ வேண்டும். இங்கே கதவின் சாவி குடியிருப்பவர் கையில் இருக்கும். விரும்பினால் வீட்டிலேயே சமைக்கலாம், முடியாத நாளில் பொது உணவுக்கூடத்தில் சாப்பிடலாம்.

இத்தகைய இடத்தைத் தேடுகிறவர்களில் பலர் கடலிலிருந்து வெகு தொலைவில் இருப்பவர்கள். பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் சந்தாபுரா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மென்பொருள் வேலைக்கு வந்த பிள்ளைகள் சுற்றுவட்டாரத்தில் அடுக்குமாடி வீடு வாங்க, பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வேலை குறைகிறது, பகல் நீள்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரின் குளுமை உடம்புக்கு இதம்தான். ஆனால் கடலூரிலோ நாகையிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்தவருக்கு, பிள்ளை வீட்டில் எத்தனை வசதி இருந்தாலும், இனி எங்கே வாழ்வது என்ற கேள்வி ஒருநாள் எழுந்தே தீரும்.

இது ஒரு சில குடும்பங்களின் கேள்வி அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான மதிப்பீடு அதை 13.6 என்று காட்டுகிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் உயர்ந்த விகிதம் இது. பிள்ளைகள் குறைந்து, இருக்கும் பிள்ளைகளும் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் காலத்தில், மூத்தோருக்கான இடத்தைக் குடும்பம் மட்டுமே தர முடியாமல் போகிறது.

முதியோருக்கென்றே ஊரமைக்கும் எண்ணத்துக்கு உலகில் பெயர் வாங்கித் தந்தது, 1960-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் திறக்கப்பட்ட சன் சிட்டி. அது பாலைவனத்தில் அமைந்தது. இங்கிலாந்திலோ ஈஸ்ட்போர்ன், போர்ன்மத் போன்ற கடலோர நகரங்கள் ஓய்வு பெற்றோரின் இருப்பிடங்களாக நெடுங்காலமாகவே அறியப்பட்டவை. சென்னையில் சாவித்திரி வைத்தியும் அவருடைய தோழிகளும் 1978-இல் ‘விஸ்ராந்தி’ முதியோர் இல்லத்தைத் தொடங்கினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தில் அது ஆதரவற்ற முதியோருக்கு வீடாக இருந்துவருகிறது. பணம் கொடுத்து வாழும் மூத்தோர் குடியிருப்புகள் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில்தான் பெரிதும் வளர்ந்தன. புதுச்சேரிப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பிறகு சேர்ந்துகொண்டன.

கடல் முதியவருக்குத் தருவது கொஞ்சமல்ல. கோடையின் நடுப்பகலில் வீசத் தொடங்கும் கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கிறது. மேடு பள்ளமில்லாத கரை, காலை நடைக்குக் காரணமாகிறது. இங்கிலாந்தின் 2001 கணக்கெடுப்பை ஆராய்ந்த எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடலுக்கு அருகில் வாழ்வோர் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சற்றே கூடுதலாகச் சொல்வதைக் கண்டார்கள். அந்த வேறுபாடு சிறியது. கடல் மருந்து என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

கடல் எடுத்துக்கொள்வதும் உண்டு. உப்புக்காற்றில் சன்னல் கம்பியும் ஏசியின் வெளிப்பெட்டியும் விரைவில் துருப்பிடிக்கும். பராமரிப்புச் செலவு உள்நாட்டைவிடக் கூடும். பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ந்துவிட்டது. ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் வரும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் அந்த வட்டாரத்தையே இருளில் மூழ்கடித்தது. மின்சாரம் இல்லாத நாட்களில் மின்தூக்கி ஓடாது. மூன்றாம் மாடியில் இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அது சிறைதான். ஆகவே ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைக் கடல் தெரியும் பால்கனிக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

கடலும் முதுமையும் மிகக் கடுமையாகச் சந்தித்த நாள் 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கடலூர், நாகை மாவட்டங்களில் பல முதியவர்களிடமிருந்து பிள்ளைகளையும் வீட்டையும் ஒருசேரப் பறித்தது. அவர்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை உருவாக்கியது. வரிசைக் கட்டில்கள் போட்ட கூடமாக இல்லாமல், சிறுசிறு வீடுகள் கொண்ட ஊராகவே அது அமைந்தது. முதியோர் சுயஉதவிக் குழுக்களும் ஆழிப்பேரலைக்குப் பிந்தைய பணிகளிலிருந்தே வளர்ந்தன. சேமிப்பு, சிறு கடன், சிறு தொழில் என்று முதியவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். எல்லாம் இழந்தவரை மீண்டும் எழுந்து நிற்கச் செய்ய உணவும் கூரையும் மட்டும் போதவில்லை. தன்னை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பும் வேண்டியிருந்தது. வசதியுள்ளவருக்கும் இதுவே பொருந்தும். 1938-இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு, முதுமையின் நலனுக்கு நெருக்கமான உறவுகளே பெரும் துணை என்று சொல்கிறது.

மூத்தோர் குடியிருப்பில் சேரப் பணம் சார்ந்த ஏற்பாடுகள் மூன்று வகை. வீட்டை விலைக்கு வாங்கலாம். நீண்ட குத்தகைக்கு எடுக்கலாம். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை கட்டி மாதாமாதம் பணம் செலுத்தலாம். விலைக்கு வாங்கினாலும் மாதக் கட்டணம் ஓயாது, ஆண்டுதோறும் உயரும். ஓய்வூதியம் அந்த வேகத்தில் உயருமா என்று கணக்குப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு வீடு வந்து சேர்ந்தாலும், வயது வரம்பினால் அவர்கள் அதில் குடியேற முடியாமல் போகலாம். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள், கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் ஆகிய மூவரிடையே ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. சேவை நிறுவனம் விலகினால் யார் பொறுப்பு என்பது அந்தத் தாளில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப நினைப்போர், 2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை அறிந்திருப்பது நல்லது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது.

மருத்துவம் அடுத்தது. மூளையில் இரத்தக்கட்டு அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். விடுமுறை நாளின் கடற்கரைச் சாலை நெரிசலில் அந்த நேரத்துக்குள் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையை அடைய முடியுமா என்று பார்க்க வேண்டும். சந்தாபுராவில் இருப்போருக்குப் பொம்மசந்திரா மருத்துவமனைகள் கூப்பிடு தூரத்தில் உள்ளன. அதை விட்டுப் போகிறவர் எதை விடுகிறார் என்று தெரிந்து போக வேண்டும்.

ஆக, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் உரைகல் உண்டு: கடற்கரைக்கு நடந்து போக முடியாத நாளில் அந்த இடம் எப்படி இருக்கும்? படுக்கையில் விழுந்தவரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்களா, வேறிடம் பார்க்கச் சொல்வார்களா? துணையை இழந்தவரின் கதவை அக்கம்பக்கத்தார் வந்து தட்டுவார்களா? இவற்றுக்கு விளம்பரத் தாளில் விடை கிடைக்காது. ஓரிரு மாதம், முடிந்தால் மழைக்காலத்தில், அங்கே வாடகைக்குத் தங்கி, ஏற்கெனவே இருப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் கிடைக்கும்.

முடிவை எடுக்க வேண்டியவர் முதியவரே. பிள்ளைகள் விசாரிக்கலாம், கணக்குப் பார்க்கலாம், கூடப் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். கொண்டுபோய் விடப்பட்டவருக்கு எத்தனை அழகான கரையும் அன்னிய ஊர்தான். தானே விரும்பிப் போனவருக்கு அங்கே புது உறவுகள் முளைக்கும். மனம் மாறினால் திரும்பி வரச் சந்தாபுராவில் ஓர் அறை இருக்கிறது என்ற உறுதியும் அவருக்கு வேண்டும். அந்த உறுதியைத் தருவது பிள்ளைகளின் கடமை.