நாற்காலியும் மனிதனும்

அஞ்செட்டிக்கு அப்பால், மலையும் காடும் சூழ்ந்த நாட்றாம்பாளையத்தில் கேழ்வரகு விளைகிறது. அந்தப் பக்கத்து இளைஞர்கள் பிழைப்புத் தேடி ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அவர்களிடம், "உள்ளதே போதும், மனநிறைவோடு இருங்கள்" என்று உபதேசிக்க எனக்கு நா எழவில்லை. பசித்தவனுக்குப் 'போதும்' என்ற பாடத்தைப் போதிப்பது அறமன்று.

அப்படியானால் மனநிறைவு என்பதுதான் என்ன?

அதே ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். 1950 ஜனவரியில் நாடு குடியரசாயிற்று. அந்தப் பதவியே இல்லாமற் போயிற்று. அதே ஆண்டில் நேருவின் மந்திரி சபையில் ஒரு மந்திரியாக அமர்ந்தார். முதலில் இலாகாகூடக் கிடையாது. 1952-இல் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியானார். அவர் கொள்கைகளை ஏற்காதவர்கள் பலர் உண்டு. ஆனால், உச்சிப்படியில் நின்றவர், 'என் தகுதிக்கு இது குறைவு' என்று வேலையை விட்டு ஒதுங்கவில்லை. அதை யார்தான் மறுப்பார்கள்?

கூலியை உயர்த்திக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் சூபர்வைசரானால்தான் தனக்கு மதிப்பு என்றிருப்பவன், சூபர்வைசரான மறுநாளே மானேஜரின் நாற்காலியைப் பார்த்து ஏங்கத் தொடங்குவான். கைவேலையைச் செம்மையாகச் செய்து, அதிலே தன் மதிப்பைக் காண்கிறவனும் மேலே ஏற ஆசைப்படலாம். ஏற முடியாத நாளிலும் அவனுக்கு இரவில் உறக்கம் வரும்.