இரவு பத்து முதல் காலை ஐந்து வரை

1957ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் மலாயாவில் நடைமுறைக்கு வந்த 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ எந்தப் பெண்ணையும் இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் வேலை வாங்கக் கூடாது என்றும், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்றும், நிலத்தடிச் சுரங்கத்தில் அவளை அமர்த்தவே கூடாது என்றும் விதித்தது. 34, 35, 36 என்ற எண்களைக் கொண்ட அப்பிரிவுகள் 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2023 ஜனவரி 1 முதல் செயலுக்கு வந்தது. பெண்ணைக் காக்க எழுந்த வேலி என்று ஒரு தலைமுறை போற்றியதை, பெண்ணை ஒதுக்கிய வேலி என்று மற்றொரு தலைமுறை அகற்றியிருக்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் அடியில் ஒரு தத்துவக் கேள்வி கிடக்கிறது: அறிவும் விருப்பமும் உடைய ஒருவருடைய நன்மைக்காக அவருடைய நேரத்துக்கு அரசு எல்லை கட்டலாமா, கட்டலாம் எனில் அந்த எல்லைக்கான நியாயத்தை எங்கிருந்து பெறுவது?

இத்தகைய சட்டங்களின் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1842ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. 1844ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் அவர்களுடைய வேலைநாளை 12 மணி நேரமாக்கியது. 1847இல் அது 10 மணி நேரமாகக் குறைந்தது. இந்தியாவில் 1891ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பை வகுத்தது. 1919இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. மலாயாவின் சட்டம் இந்த மரபின் கடைக்குட்டி.

இம்மரபு தனக்கு எத்தகைய நியாயத்தைக் கற்பித்துக்கொண்டது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் அருகருகே காட்டுகின்றன. நியூயார்க் மாநிலம் அடுமனைத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 10 மணி நேரம் என வகுத்த வரம்பை, ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையில் தலையிடுவதாகக் கூறி அந்நீதிமன்றம் 1905இல் செல்லாததாக்கியது. மூன்றே ஆண்டுகள் கழித்து 1908இல், ஆரிகன் மாநிலம் சலவைச் சாலைகளிலும் ஆலைகளிலும் பெண்களுக்கு விதித்த அதே 10 மணி நேர வரம்பை அந்நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. பெண்ணின் உடலமைப்பும் தாய்மையும் அவளை வேறொரு வகுப்பில் நிறுத்துகின்றன என்பதும், அவளுடைய உடல்நலம் வருங்காலத் தலைமுறையின் பொதுச் சொத்து போன்றது என்பதும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்கள். சோர்வு இருபாலார்க்கும் ஒன்றே. ஆயினும் ஆணின் சோர்வு அவனுடைய சுதந்திரத்தின் விலையாகவும், பெண்ணின் சோர்வு இன்னும் பிறவாத பிள்ளைக்கு நேரும் இழப்பாகவும் கணக்கிடப்பட்டன. காப்பாற்றப்பட்டவள் அந்த நியாயத்தில் ஒரு வழியாக மட்டுமே இருந்தாள், முடிவாக இல்லை.

ஜான் ஸ்டுவர்ட் மில் 1848இல் வெளியிட்ட அரசியல் பொருளாதார நூலில் இக்குறையை அப்போதே கண்டிருந்தார். குழந்தை தன் நன்மையைத் தானே தீர்மானிக்க இயலாத நிலையில் இருப்பதால் அதன் உழைப்பை அரசு வரையறுப்பது முறை. வளர்ந்த பெண்ணை அவ்வரிசையில் சேர்ப்பதற்கு நியாயமே இல்லை என்று அவர் வாதிட்டார். அதே நூலில், அதே அதிகாரத்தில், அவர் எழுப்பும் மற்றொரு வாதம் குறைவாகவே பேசப்படுகிறது. ஒரு தொழிலிலுள்ள அனைவரும் 10 மணிக்குப் பதிலாக 9 மணி நேரம் உழைத்து ஏறக்குறைய அதே கூலியைப் பெற முடியும் என வைத்துக்கொண்டால், அதை விரும்பும் ஒவ்வொருவரும் தனித்து நின்று அதைப் பெற இயலாது. ஏனெனில் 9 மணியோடு நிறுத்துபவர் வேலையை இழப்பார், அல்லது கூலியில் ஒரு பங்கை இழப்பார். அந்நிலையில் சட்டம் செய்வது அவர்களுடைய விருப்பத்தை மீறுவது ஆகாது, அவர்களுடைய விருப்பம் நிறைவேற அதுவே வழி என்கிறார் மில். நேரத்துக்கு எல்லை கட்டும் உரிமை உழைப்பவரின் பலவீனத்திலிருந்து பிறக்க வேண்டியதில்லை, அவருடைய சித்தத்திலிருந்தே பிறக்கலாம் என்ற இக்கருத்தே, மலாயாவின் பேராக் மாநிலத் தோட்ட வரலாற்றை அளக்கத் தகுந்த அளவுகோல்.

1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கும் அவ்வரலாற்றில், வேலை நேரத்தை முதலில் வகுத்தது மரம். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்குமுன், பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும் வைகறையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் சுங்கை சிப்புட் முதலிய இடங்களின் தோட்டங்களில் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்பு இருட்டிலேயே நடந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் தத்தம் நிரைக்குப் போயினர். சட்டம் கீறிய காலை 5 மணிக் கோடு, மரம் ஏற்கெனவே கேட்டிருந்த நேரத்தை ஒட்டியே விழுந்தது. மரம் வெட்டி, பாலெடுத்து, காண்டா எனும் தோள்கம்பில் சுமந்து ஸ்டோரில் ஊற்றி முடிக்க நண்பகலோ பிற்பகலோ ஆகும். அதற்கும் மறுநாள் பெரட்டுக்கும் இடையில் 11 மணி நேரம் தானாகவே கிடைத்துவிடும் என்பதால், தோட்ட முதலாளி எதையும் விட்டுக்கொடுக்காமலே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆனார்.

அந்த 11 மணி நேரம் முதலாளியின் வேலையிலிருந்து மட்டுமே ஓய்வு. பெரட்டுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, கட்டுச்சோறு கட்டி, உறங்கும் குழந்தையைத் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுப் போகிறவளும், திரும்பி வந்து லயத்தின் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்துத் துணி துவைத்து இராச்சோறு ஆக்குகிறவளும் அவளே. இரவு வேலையைத் தடுத்த சட்டத்தின் கண்ணுக்கு, வைகறைக்கு முன்னரே தொடங்கிவிட்ட இந்த உழைப்பு உழைப்பாகத் தெரியவில்லை. சுரங்கத் தடையும் இவ்வாறே. நிலத்தடியில் பெண்களைக் காண்பதே அரிதாக இருந்த, பேராக்கின் ஈயச் சுரங்கப் பகுதியான கிந்தா பள்ளத்தாக்கில் நிலத்தடி அவர்களுக்கு மூடப்பட்டது; ஓடைகளில் நீரில் நின்று குனிந்தபடி ஈயமணலை அலசிய சீனப் பெண்களோ, உரிமச்சீட்டு வைத்துத் தாமே தொழில் செய்தவர்கள் என்பதால் வேலைச் சட்டத்தின் எல்லைக்கே வரவில்லை. ஆபத்து எங்கிருந்ததோ அங்கே தடை இல்லை. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. உழைப்பின் தன்மையைப் பார்க்காமல் உழைப்பவளின் பாலைப் பார்த்து எழுதிய விதி இப்படித்தான் முடியும்.

பலவீனம் என்ற நியாயத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1927இல் மலாயாவின் இந்தியக் குடியேற்றக் குழு அளவைக் கூலி, அதாவது தோட்டங்கள் தரவேண்டிய அடிப்படைக் கூலி, எவ்வளவு என வகுத்தபோது, சிலாங்கூர் கரையோரத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நிர்ணயித்தது. பெண்ணின் உழைப்பு ஐந்தில் நான்கு பங்கு எனக் கணிக்கும் மனமும், பெண்ணின் நேரத்தைப் பிறர் வகுக்க வேண்டும் எனக் கருதும் மனமும் வேறுவேறானவை என்று கொள்வது கடினம். தந்தை, கணவன், மகன் என்று காவலர் மூவரை அடுத்தடுத்து நியமிக்கும் மனு தர்மத்தின் நோக்கில் காவலும் ஆட்சியும் ஒன்றே. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்திலும் தொழிலிலும் சம உரிமை கோரிய ஈ.வெ.ராமசாமி, அவ்வாண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து ஈப்போவில் தமிழரிடையே பேசியபோது அவர் எதிர்த்ததும் இந்த நோக்கையே. பெண்ணுக்குக் காவல் தேவை என்ற எண்ணமே அவளை அடிமையாக்கியதன் விளைவு என்பது அவருடைய துணிபு. தோட்டத்தில் அத்துணிபை ஒரு படி திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: கங்காணியின் முன்னும் துரையின் முன்னும் காவல் தேவைப்பட்டவர்கள் ஆண்களும்தான், அவர்களுக்கும் அது கிடைக்கவில்லை.

இரவுத் தடை எவ்வாறு தளர்ந்தது என்பது இந்த வரலாற்றின் வருத்தமான பகுதி. 1970இல் பெண் ஷிப்டு தொழிலாளர் விதிகள் வந்தன. மறு ஆண்டில் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டம் வந்தது. தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு பெண்களை இரவில் அமர்த்த வழி பிறந்ததும், மின்னணுத் தொழிற்சாலைகள் அவ்வழியைப் பற்றிக்கொண்டன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் வந்த ஆண்டுகளில், அங்கே பால்மரம் வெட்டியவர்களின் பெண்மக்கள் பலர் ஈப்போவைச் சுற்றிய தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு பேருந்து ஏறினர். பெண்ணுடல் இரவைத் தாங்காது என்ற கொள்கை, நுண்சில்லுகளை இரவும் பகலும் பொருத்த வேண்டிய தேவை வந்தபோது ஓசையின்றி விலகிக்கொண்டது. பெண்களின் விருப்பத்துக்கு ஒருபோதும் வளையாத பாதுகாப்பு, ஏற்றுமதிக்கு வளைந்தது. அப்பாதுகாப்பு எவருடைய நன்மையை மையமாகக் கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தன. 1948ஆம் ஆண்டின் இந்திய ஆலைச் சட்டத்திலிருந்த இரவுத் தடையை, வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில் 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் சமத்துவத்துக்கு முரணானது எனத் தள்ளியது. தள்ளும்போதே, இரவில் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து உள்ளிட்ட ஏற்பாடுகளை நிர்வாகம் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனைகளையும் விதித்தது. தடையைப் பெண்ணின் மேலிருந்து எடுத்து, கடமையாக நிர்வாகத்தின் மேல் வைத்த இத்தீர்ப்பு, மில்லின் இரண்டாம் வாதத்துக்கு நெருக்கமானது. மலேசியாவில் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதியில் பால்வேற்றுமைக்கு எதிரான சொல் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் இரவுத் தடையையும் சுரங்கத் தடையையும் நீக்கியதோடு, மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தி, தந்தைக்கு 7 நாள் விடுப்பளித்து, வார வேலை நேரத்தை எல்லாருக்கும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. பேறுகாலம் பெண்ணுடலுக்கே உரியது என்பதால் அதற்கான விடுப்பு பெண்ணுக்கு. சோர்வு மனிதவுடலுக்குப் பொதுவானது என்பதால் அதற்கான வரம்பு யாவர்க்கும். இந்தப் பகுப்பு நேர்மையானது.

ஆனால் அது பாதியில் நிற்கிறது. பெண்ணிடமிருந்து விலக்கப்பட்ட இரவுத் தடைக்கு ஈடாக, இருபாலார்க்கும் பொதுவான இரவுப் பாதுகாப்பு எதுவும் வைக்கப்படவில்லை. இரவில் உழைப்போர் அனைவருக்கும் மருத்துவச் சோதனையையும், இரவு வேலைக்கு உடல்நிலை இடங்கொடாதவர்க்கு இயன்றவரை மாற்று வேலையையும் கோரும் உடன்படிக்கை ஒன்றை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1990இலேயே ஏற்றிருக்கிறது. அந்த உள்ளடக்கத்தை மலேசியச் சட்டம் தனதாக்கியிருந்தால், பெண்ணுக்கு மட்டும் கிடைத்த ஓய்வு எல்லாருடைய உரிமையாகியிருக்கும். இப்போதோ மாதத்துக்கு 104 மணி நேரம் வரை மிகைநேர வேலையை அனுமதிக்கும் 1980ஆம் ஆண்டு விதி அப்படியே இருக்கிறது. அதை வாரக்கணக்கில் பகுத்தால் ஏறத்தாழ 24 மணி நேரம் வரும், 45 என்ற வரம்பு 69 வரை நீளும். அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாத ஆணோ பெண்ணோ அந்த மிகைநேரத்தை விரும்பியே கேட்டு வாங்குகிறார் என்று சொல்வது, 1905ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பை மீண்டும் எழுதுவதாகும். ஷிப்டு முடிந்து விடிகாலையில் வீடு திரும்பி, உறங்கப் போகுமுன் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் பெண்ணின் அந்த மணிநேரங்களை எண்ணும் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை; அவற்றை முதலாளியின் மீது சுமத்த முடியாது, வீட்டிலுள்ள ஆணோடு பகிர்ந்துகொள்ளச் செய்வதற்குச் சட்டத்திடம் இப்போதைக்கு இருப்பது அந்த 7 நாள் மட்டுமே.