அநியாயச் சட்டத்தைக் காட்டியே நியாயம் கேட்கலாமா?

ஒரு சட்டம் அநியாயம் என்று தெரிந்த பிறகும், அதே சட்டத்தைக் காட்டி நியாயம் கேட்கலாமா? "அப்படிக் கேட்டா அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" என்று நம்மில் பலர் நினைப்போம். சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற அமெரிக்கக் கறுப்பின வழக்கறிஞரைப் படித்தபோது எனக்கும் இந்தக் கேள்விதான் வந்தது.

1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் மக்களை இனவாரியாகப் பிரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் பிரிப்பதை மட்டும் பிடிச்சுக்கிட்டன. சமத்தை மறந்துட்டன.

ஹூஸ்டன் அந்த மறந்த பாதியைக் கையில் எடுத்தார். 1930-களில் கேமராவோடு தென் கரோலினாவுக்குப் போய், வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளையும் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிகளையும் படம் பிடித்தார். மிசூரி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, கறுப்பினத்தவர் என்பதற்காக லாய்ட் கெயின்ஸைச் சேர்க்க மறுத்தது. வெளிமாநிலத்தில் படித்தால் கட்டணம் தருகிறோம் என்றார்கள். ஹூஸ்டன் வழக்காடினார். மாநிலத்துக்குள்ளேயே சம வாய்ப்பு தர வேண்டும் என்று 1938-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு படிப்புக்கும் சமமான இரண்டு கல்லூரி கட்ட எவ்வளவு செலவாகும்னு யோசிச்சுப் பாருங்க!

வழக்கறிஞர் ஒரு சமூகப் பொறியாளர் என்று ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தார். பொறியியல் படிக்கிற எனக்கு இது நல்லாப் புரியுது. ஒரு கட்டடத்தை இறக்கணும்னா, எந்தத் தூண் சுமையைத் தாங்குதுன்னு முதலில் பார்க்கணும்.

ஆனால் இந்த வழிக்கும் விலை உண்டு. அந்த வருஷங்களில் ஓட்டைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு இழந்த படிப்பு திரும்பி வரவில்லை. கெயின்ஸ் 1939-இல் காணாமல் போனார். அந்தக் கல்லூரியில் அவர் கால் வைக்கவே இல்லை. ஹூஸ்டன் 1950-இல் இறந்தார். அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு 1954-இல்தான் வந்தது. அதில் வாதாடியவர்களில் முதன்மையானவர், அவருடைய மாணவர் துர்குட் மார்ஷல்.

அப்படியென்றால் ஹூஸ்டன் செய்தது சமரசமா? இல்லை என்றே நினைக்கிறேன். சமரசம் செய்பவர் பாதி கிடைத்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். ஹூஸ்டனும் அவர் மாணவர்களும் போகவில்லை. முதலில் 'சமம் எங்கே?' என்று கேட்டவர்கள், நேரம் வந்ததும் 'பிரிவினையே எதற்கு?' என்று கேட்டார்கள்.

நாமும் ஏதாவது ஒரு நியாயத்துக்காக மனு எழுதுவோம், கூட்டத்தில் பேசுவோம். பாதி கொடுத்து அனுப்பும்போது அடுத்து என்ன கேட்கப்போறோம்? அது தெரிஞ்சிருந்தா, அநியாயத்தின் வாசலில் நின்று பேசுவதில் தப்பில்லை.