நான் அழகைத்தானே கேட்டேன்

பெர்லினில் படிக்கும் அக்கா மகள் போன வருடம் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பினாள். மூன்றும் சைக்கிள் ஹேண்டில்பார்கள். கீழே ஒரே வரி: "சித்தி, எது அழகா இருக்கு?"

உடனே பதில் போட்டேன். "நேரா இருக்கிறதையே வாங்கு. வளைஞ்சது முதுகுக்கு ஆகாது. அந்த ஊர்ல பனி வேற. பார்த்து ஓட்டும்மா." அனுப்பிவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் பதில் இருந்தது.

"நான் அழகைத்தானே கேட்டேன்."

கோபமாகச் சொன்னாளா, சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று தெரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. கல்லூரியில் ஒவ்வொரு வருடமும் பெண் உடல், பெண் தேர்வு என்று பாடம் எடுக்கிறவள் நான். ஒரு பெண் தனக்குப் பிடித்த பொருளைக் காட்டி அழகா என்று கேட்டால் என் வாயிலிருந்து முதலில் வருவது முதுகு, பனி, பார்த்து. என் பதினாறு வயதில் எங்கள் தெருவே என்னிடம் பேசிய மொழி அது. எப்போது என் மொழியாயிற்று?

அந்தச் சுருக்கினால்தான் இரண்டு வாரம் ஹேண்டில்பார் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் கட்டிக்கொண்டிருந்தது ஃபிக்ஸட் கியர் சைக்கிள். நாம் ஓட்டும் சைக்கிளில் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் டிக்டிக்டிக் என்று வண்டி தன்பாட்டில் ஓடும். ஃபிக்ஸட் கியரில் அந்த வசதி இல்லை. பல்சக்கரம் சக்கரத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். இறக்கத்திலும் ஓய்வு கிடையாது. வேகத்தைக் குறைக்க, சுற்றிவரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். அப்படி அழுத்தும்போது உடல் முன்னால் போய்விடாமல் பிடித்து நிறுத்துவது கைதான். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதும் கை பாரைப் பிடித்து இழுக்கிறது. திருப்புவதற்கு மட்டும் இருக்கிற கம்பி இல்லை அது. காலின் வேலையில் பாதி அங்கே நடக்கிறது.

அவள் அனுப்பிய முதல் படம் ட்ராக் டிராப். வெலோட்ரோம் என்கிற சாய்வான வட்டப் பந்தயத்தளத்துக்காக உருவானது. நடுவிலிருந்து வளைந்து சட்டென்று கீழே இறங்கும். கைகள் அடிப்பிடியில் இருக்க, முதுகு தரைக்கு இணையாகக் குனிந்துவிடும். சில நிமிடப் பந்தயத்துக்கான உட்கார்வு அது, அரை மணி நேர நகரப் பயணத்துக்கானது அல்ல. இரண்டாவது புல்ஹார்ன், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகள். மூன்றாவது ரைசர், மலைச் சைக்கிளிலிருந்து வந்தது. லேசாக மேலே எழுந்து இருபக்கமும் நீளும், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். கார்களுக்கு நடுவே நுழைந்து போவதற்காக இதன் இரு முனைகளையும் அறுத்துக் குறுக்கிக்கொள்வார்கள். பொதுவாக முதல் இரண்டிலும் பிடிக்கும் இடத்தில் குழாயின் விட்டம் 23.8 மில்லிமீட்டர், ரைசரில் 22.2. ஒன்றுக்கு வாங்கிய பிரேக் லீவர் மற்றதற்குச் சேராது. அழகு பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றால் செலவும் கூடவே மாறும்.

இதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்ததுதான் என் முதல் தவறு.

அவள் உயரம் 152 செ.மீ. ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தால் 34.5. பாரின் அகலம் ஏறத்தாழ அந்த அளவில் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. கடையில் போய்க் கேட்டால் 42, 40, தேடி எடுத்தால் 38. அதற்குக் கீழே என்றால் சிறுவர்களுக்கான பிரிவுக்கு அனுப்புகிறார்கள். ஃப்ரேமிலும் இதே கதைதான். ஃப்ரேம் சிறியதாகும்போது சக்கரத்தின் அளவு மட்டும் மாறுவதில்லை. அதனால் முன்சக்கரம் பெடலுக்கு நெருங்கி வந்துவிடும். மெதுவாகப் போய்த் திரும்பும்போது கால்விரல் டயரில் இடிக்கும். சாதாரண சைக்கிளில் காலை ஒரு கணம் நிறுத்திக்கொள்ளலாம். ஃபிக்ஸட் கியரில் கால் நிற்காது. ஆக, குள்ளமான பெண்ணுக்கு இடிக்கிற இடமும், நிறுத்த முடியாத காலும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

இதை ஓர் அமெரிக்கப் பெண் முன்பே யோசித்திருக்கிறார். பொறியாளரான ஜார்ஜினா டெர்ரி 1985-ல் பெண்களுக்கென சைக்கிள் நிறுவனம் தொடங்கினார். அவருடைய சிறிய சைக்கிள்களில் முன்சக்கரம் 24 அங்குலம், பின்சக்கரத்தைவிடச் சிறியது. பார்ப்பவர்களுக்குக் கோணலாகத் தெரிந்திருக்கும். ஆனால் கால் இடிக்காது, கை எட்டும். உடம்பை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி வண்டியைக் கட்டினார். மற்றவர்கள் வண்டியைக் கட்டிவிட்டு உடம்பை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சந்தை "பெண்கள் சைக்கிள்" என்பதைப் பிடித்துக்கொண்டது. ரோஸ் பெயின்ட், பூப்படம், மலிவான உதிரிபாகம். 2019 வாக்கில் ஸ்பெஷலைஸ்டு போன்ற பெரிய நிறுவனம், இனிப் பெண்களுக்கென்று தனி ஃப்ரேம் வடிவம் இல்லை என்று முடிவெடுத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருப்பதைவிடப் பெண்களுக்குள்ளேயே உடல் வேறுபாடு அதிகம் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். காரணம் சரிதான். ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. தனிப் பெட்டியை எடுத்துவிட்டதும் அதற்குள் இருந்த சிறிய அளவுகள் பொது அலமாரிக்கு வந்தனவா, அல்லது பெட்டியோடு போய்விட்டனவா? புத்தகக் கடைகளில் என் தொகுப்பை "பெண் கவிஞர்கள்" அடுக்கில் வைத்திருந்தால் எரிச்சல் வருகிறது. அந்த அடுக்கை எடுத்துவிட்டார்கள் என்றால், கவிதை அடுக்கில் என்னைத் தேடி இல்லாமல் திரும்பும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. இரண்டு எரிச்சலும் நியாயமானவை என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கும்போது தினமும் ஒரு சண்டை நடக்கும். முழம் என்பது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. யாருடைய முழங்கை? விற்கிற அக்காவின் கை. "உன் கைக்கு அளக்காதே, என் கைக்கு அள" என்று நெட்டையான டீச்சர் ஒருவர் கை நீட்டுவார். சாணும் முழமும் உடம்பிலிருந்து வந்த அளவுகள் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வோம். அந்தச் சண்டையில் ஒரு நேர்மை உண்டு. அளக்கிற கை கண்ணுக்குத் தெரிகிறது. மில்லிமீட்டரில் எழுதிவிட்டால் அந்தக் கை மறைந்துவிடுகிறது.

2025 ஜூனில் சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூ.சி.ஐ. ஒரு விதியை அறிவித்தது. 2026 முதல், கூட்டமாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களில் ஹேண்டில்பாரின் அகலம் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 400 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதற்கு முன் 350 போதும். காரணம், பாதுகாப்பு. அகன்ற தோள் உள்ள ஆண்கள் காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக மிகக் குறுகலான பாரைப் பொருத்திக்கொண்டு, லீவர்களையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நெருக்கமான கூட்டத்தில் வண்டி நிலை தடுமாறினால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் விழுவார்கள். அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 185 செ.மீ. ஆணுக்கு 36 என்பது தந்திரம், 155 செ.மீ. பெண்ணுக்கு 36 என்பது அவள் தோள். ஒருவரின் தந்திரத்தைத் தடுக்க எழுதிய எண், இன்னொருவரின் தோளைச் சட்டவிரோதமாக்கியது. பெண் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். லீவர்களுக்கு இடையே 320 மில்லிமீட்டர் வேண்டும் என்றிருந்ததை ஒன்றியம் 280 ஆகக் குறைத்தது. 400 அப்படியே நின்றது.

செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேலேயே வந்தது. நானும் பாதுகாப்பு என்றுதானே சொன்னேன்? நானும் அவள் தோளை அளக்கவில்லையே?

அதற்காகப் பாதுகாப்பு என்ற சொல்லையே தூக்கி எறிந்துவிடவும் முடியவில்லை. 2016-ல் லண்டன் தெருவில், முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிள் மோதி ஒரு பெண் இறந்துபோனார். ஓட்டிய இளைஞருக்கு அடுத்த வருடம் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை. பந்தயத்தள சைக்கிளில் பிரேக் கிடையாது, அதைத் தெருவுக்குக் கொண்டுவரும்போது பிரேக் மாட்டினால் அழகு கெடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே எனக்குத் தயக்கமே இல்லை. என் அழகுக்கான விலையைத் தெருவைக் கடக்கிற இன்னொருத்தி கொடுக்கக்கூடாது. ஜெர்மனியில் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் வேண்டும் என்பது சட்டம். அவளிடம் அதை மட்டும் கேட்டேன். "ரெண்டும் மாட்டிட்டேன் சித்தி, அதை முதல்லயே கேட்டிருக்கலாம்ல" என்றாள். பிரேக் அடுத்தவருக்குத் தரவேண்டிய கடன். முதுகு அவளுடையது. இரண்டையும் ஒரே மூச்சில் "பார்த்து" என்று சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

அவளுக்கு எதில் கண் என்றால், முதல் படத்தில். ஜப்பானில் நிட்டோ நிறுவனம் செய்யும் எஃகு ட்ராக் டிராப். அங்கே கெய்ரின் என்ற பந்தயச் சூதாட்டம் 1948-ல் தொடங்கியது, 1949-லேயே பெண்கள் பந்தயமும் வந்தது. 1964-ல் பெண்கள் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். 2012-ல்தான் திரும்ப வந்தது, "கேர்ள்ஸ் கெய்ரின்" என்ற பெயரில். ஆண்கள் இன்றும் எஃகு ஃப்ரேமில் ஓட்டுகிறார்கள், பெண்களுக்குக் கார்பன். அந்த எஃகு வளைவு எனக்கு வேணும் என்று இவள் ஏங்கினால் அதில் ஒரு வரலாறு இருக்கிறது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அவள் வரலாற்றுக்காக ஏங்கவில்லை. அது வளைந்திருக்கும் விதம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் ஆசைக்கு நான் ஏன் காரணம் தேடிக்கொடுக்க வேண்டும்?

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1992-ல் அம்மாவும் கற்றுக்கொண்டார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே சிலர் அதை விரும்பினார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அம்மாவும் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வாங்கினார். "பிள்ளைகளை வச்சுக் கூட்டிட்டுப் போகத்தான்" என்று அப்பாயியிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் பல மேடைகளில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பாரில் உட்கார்ந்து போன சிறுமியாக என்னையே காட்டியிருக்கிறேன்.

பெர்லின் படங்களை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மூன்றையும் பார்த்தார். "இது. கிடாக் கொம்பு மாதிரி இருக்கு" என்று ட்ராக் டிராப்பைத் தொட்டார். முதுகு வலிக்கும்மா என்றேன். "வலிச்சா மாத்திக்கிறா."

பிறகு தானாகவே சொன்னார். "நானும் பிள்ளைக்காகவா வாங்குனேன்? நீ அப்ப ஆறாப்பு. பார்ல உக்காந்தா காலு தரையில இடிக்கும். ஒங்கக்கா அதுல ஏறவே மாட்டா. எனக்கு அந்த வண்டியத்தான் புடிச்சுச்சு. கருப்பா, ஒசரமா. புடிச்சிருக்குன்னு சொன்னா வாங்க விடுவாகளா?"

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பொய்யை நான் பெண்விடுதலை வரலாறாகச் சொல்லி வந்திருக்கிறேன். பொய் என்பது சரியான சொல் இல்லை. அனுமதி கிடைக்கக்கூடிய காரணம். நான் மேடையில் சொன்னபோதும் அந்தக் காரணத்துக்குத்தான் கைதட்டல் கிடைத்தது. ஒரு தாய் கல்யாணம், குழந்தை, வேலை எதற்கும் இல்லாமல் கருப்பாக உயரமாக இருந்த ஒரு வண்டியை விரும்பினாள் என்றால் அந்தக் கூட்டம் கைதட்டியிருக்குமா? நானே அப்படி ஒரு கட்டுரை எழுதியிருப்பேனா?

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் கேட்ட கேள்விக்கும் பதில் எழுதினேன். "எனக்கு ரெண்டாவதுதான் அழகா இருக்கு." ஒரே ஒரு சிரிப்பு வந்தது. அவள் ஏற்கெனவே முதலாவதை, யாரோ பயன்படுத்தியதை, வாங்கிவிட்டாள். அதன் மேல்கம்பியில் சின்ன லீவர்கள் இரண்டு, இரண்டு பிரேக்குகளுக்கும். முதல் மாதம் மணிக்கட்டு வலித்ததாம். ஸ்டெம்மைச் சற்றுக் குட்டையானதாக மாற்றிக்கொண்டாள். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

இப்போது அவளுக்கு இருக்கும் பிரச்சினை துரு. பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள். வீடியோவில் அவள் பாரின் அடியில் இருக்கும் செம்புள்ளிகளைக் காட்டினாள். அம்மா போனைப் பிடுங்கி, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு, ஓட்டி முடித்த கையோடு துடைக்க வேண்டும், மறுநாளைக்கென்று விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் துணி என்று அவள் கேட்டாள். பழைய பாவாடைத் துணி என்றார். அவளிடம் பாவாடை இல்லை. இந்தியக் கடையில் எண்ணெய் மட்டும் வாங்கியிருக்கிறாள்.