ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்

1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் விஞ்ஞானி காத்தலின் கரிக்கோவைப் பதவி இறக்கியது. எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு அவரால் நிதி திரட்ட முடியவில்லை, அதுதான் காரணம். உழைப்பில் குறையில்லை. பிறகு ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் ட்ரூ வைஸ்மன் என்ற ஆய்வாளர் அறிமுகமானார். இருவரும் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட ஆய்வை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஆய்வின் துணையோடு கொரோனா தடுப்பூசி வந்தபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

'உழைத்தால் உயரலாம்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்த ஜெராக்ஸ் மெஷினை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் அதிர்ஷ்டம் என்பவர்களோ, வைஸ்மனிடம் எடுத்துச் சொல்ல கரிக்கோவின் கையில் பல வருட வேலை இருந்ததை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அன்று இரண்டு பேரும் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போயிருப்பார்கள்.